செய்தவளைக் காட்டு என்று கேட்டேன், மாரியம்மன் காட்டினாள்

மாரியம்மனைக் கும்பிடுகிற உங்கள் எல்லோருக்கும் காரைக்கால் கிளிஞ்சல்மேட்டிலிருந்து இந்திராணி எழுதுகிறேன். எட்டாவது வரைதான் படித்தேன். மீன்கூடை தூக்குகிற கை, எழுத்து கோணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நல்லவள் இல்லை. என் சின்னம்மாவின் கையை விறகுக்கட்டையால் அடித்து உடைத்தவள். ஆஸ்பத்திரியில் என் பிள்ளைக்கு மருந்து ஏற்றிய நர்ஸைக் கன்னத்தில் அறைந்தவள். இப்படிப்பட்டவள் கேட்டதற்கும் அம்மன் பதில் சொன்னாள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நல்லவர்களுக்கு அவள் செய்ததை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சுனாமிக்கு அப்புறம் வந்த மூன்றாவது சித்திரை. என் மகன் மதியழகனுக்குப் பதிமூன்று வயது. இரண்டு வாரமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. எனக்குக் கட்டி புதிதில்லை. மூன்று வயதிலிருந்தே அவனுக்குக் கட்டிதான். கழுத்தில் வரும், அக்குளில் வரும், தொடையில் வரும். ஒருமுறை ஈரலிலேயே சீழ் கட்டி, ஊசி குத்தி எடுத்தார்கள். ஒவ்வொரு கட்டிக்கும் ஒவ்வொரு டாக்டரிடம் ஓடினேன். கட்டி உடைந்ததும் மருந்தையும் நிறுத்திவிடுவேன், சீட்டையும் கிழித்துப் போட்டுவிடுவேன். எல்லாக் கட்டியையும் சேர்த்து ஒரே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் இது யார் செய்த வேலை என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தம்பி சுந்தரமும் இப்படித்தான் போனான். எனக்குப் பதினொரு வயது, அவனுக்கு ஒன்பது. அவனுக்கும் கட்டி, அவனுக்கும் காய்ச்சல். கடைசியில் இரத்தமாக இருமி, என் பாவாடையிலேயே தலைவைத்துச் செத்தான். அவன் சாவதற்கு எட்டு மாதம் முன்னால், வலை காயப்போடுகிற இடத்துக்காக என் அம்மாவுக்கும் சின்னம்மா ராசாத்திக்கும் கடற்கரையில் பெரிய சண்டை. ராசாத்தி என் அப்பாவின் தம்பி மனைவி. அந்தச் சண்டையில் அவள் இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றி, "ஒன் வயித்துல பொறந்தது வெளங்காதுடி" என்று கத்தினாள். அதை ஊரே கேட்டது. தம்பி செத்ததும், செய்வினை வைத்துப் பிள்ளையைத் தின்றுவிட்டாள் என்று அம்மா கோயிலில் காசு வெட்டிப் போட்டாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாமி முன்னால் ஒரு காசை உளி வைத்து இரண்டாக வெட்டி, "இனி நீயே நியாயம் கேள்" என்று சொல்லிப் போட்டுவிட்டால், அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் தண்ணீர் கிடையாது, நெருப்பு கிடையாது, நல்லது கெட்டது கிடையாது. மீறினால் மீறிய வீட்டில் சாவு விழும் என்பது நம்பிக்கை. அப்படி இருபத்தைந்து வருஷம் இருந்தோம். சுனாமியில் அம்மாவும் போய்விட்டாள், இரண்டு வீடும் போய்விட்டன. புதுக் குடியிருப்பில் சீட்டுப் போட்டு வீடு கொடுத்தபோது சின்னம்மாவும் நானும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வந்து சேர்ந்தோம். எந்த முகத்தில் முழிக்கக் கூடாதோ அந்த முகத்தில் தினமும் முழித்தேன்.

அதனால் மதிக்குக் காய்ச்சல் நிற்கவில்லை என்றதும் நான் டாக்டரிடம் போகவில்லை. வெளியூரிலிருந்து ஒரு மந்திரவாதியை வரவழைத்தேன். அவன் வெற்றிலையில் மை தடவிப் பார்த்துவிட்டு, "கொல்லையில பொதைச்சிருக்காம்மா. யாருக்கு வச்சிருக்கோ அந்தப் புள்ள கையாலதான் தோண்டி எடுக்கணும். வேற யாரு தொட்டாலும் பலிக்காது" என்றான்.

என் கொல்லையில் ஒரு பெரிய குவியல் இருந்தது. சுனாமிக்குப் பிறகு தங்கியிருந்த கொட்டகையைப் பிரித்தபோது வந்த கீற்று, அடியில் பரப்பியிருந்த வைக்கோல், சாக்கு, எல்லாம் அங்கேதான் கிடந்தன. இரண்டு மழைக்காலம் நனைந்து மக்கிப்போன குப்பை. மேலே வெயிலில் காய்ந்திருக்கும், கையை உள்ளே விட்டால் கதகதவென்று இருக்கும். காய்ச்சலோடு இருந்த பிள்ளையை அதன் மேல் ஏற்றிவிட்டேன். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தான். கீற்றைப் பிடித்து இழுக்கும்போதெல்லாம் வெள்ளைத் தூசி புகைபோலக் கிளம்பியது. இருமினான். "அம்மா, மூச்சு முட்டுதும்மா" என்றான்.

"தோண்டுடா. ஒன்னைச் சாவடிக்கப் பாத்தவ வச்சது உள்ளதான் கெடக்கு, தோண்டு" என்று பக்கத்தில் நின்று கத்தினேன்.

என் வீட்டுக்காரர் கலியபெருமாள் அதிகம் பேசாத மனுஷன். அவரே, "போதும் இந்திராணி, புள்ள வாடுறான்" என்று இரண்டு முறை சொன்னார். அவரையும் வாயை மூடச் சொன்னேன். மத்தியானம் ஒரு மணிக்கு மதி கையில் ஒரு எலும்பும் துருப்பிடித்த ஆணியும் கிடைத்தன. மீன்காரி கொல்லையில் எலும்பு கிடைக்காமல் வைரமா கிடைக்கும்? அந்தப் புத்தி எனக்கு அப்போது இல்லை. மந்திரவாதி "இதுதான்" என்றான். அவ்வளவுதான். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அடுப்படியில் கிடந்த சவுக்குக் கட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். சின்னம்மா வாசலில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டில் மண் புடைத்துக்கொண்டிருந்தாள். முதல் அடியைத் தலைக்குத்தான் ஓங்கினேன். அவள் வலது கையைத் தூக்கித் தடுத்தாள். கை ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டும் நிறுத்தவில்லை. தோளில் அடித்தேன், முதுகில் அடித்தேன். முறம் கவிழ்ந்து கருவாடு எல்லாம் தெருவில் சிதறியது. அவள் மகன் முருகையன் உள்ளேயிருந்து ஓடிவந்து என்னைப் பிடித்து இழுத்தான். அவன் விசைப்படகு டிரைவர், கட்டுமஸ்தான ஆள். அவன் மணிக்கட்டை இரத்தம் வரக் கடித்தேன். நாலு பேர் சேர்ந்துதான் என்னைப் பிரித்தார்கள்.

அதோடு விட்டேனா? அந்தக் கையோடு கோயிலுக்குப் போனேன். பூசாரி வேண்டாம் என்று தடுத்தார். உளியைப் பிடுங்கி, ஒரு ரூபாய்க் காசை நானே வெட்டிச் சாமி முன்னால் போட்டேன். "தாயே, என் புள்ளைக்கு இதைச் செஞ்சவ யாருன்னு ஊரறியக் காட்டு. நீ காட்டலைன்னா நீ தெய்வமே இல்ல" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு உண்மையாக வேண்டிக்கொண்டது அதற்கு முன்னால் கிடையாது. பாருங்கள், அவள் அதைக் கேட்டுக்கொண்டாள்.

ஆறாம் நாள் காலையில் மதியால் எழுந்து உட்கார முடியவில்லை. உதடு நீலமாக இருந்தது. விலா இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டு போயின. இருமினான், தலையணையில் இரத்தம் தெறித்தது. என் தம்பியின் இரத்தத்தைப் பார்த்தவள் நான். அதே நிறம். காரைக்கால் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, ஆக்ஸிஜன் மாட்டி, ஆம்புலன்ஸில் ஏற்றிப் பாண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே போய்ச் சேரும்வரை அவன் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். கால் சில்லென்று ஆகிக்கொண்டே வந்தது.

பாண்டி ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். இரண்டு நுரையீரலும் வெள்ளையாக இருக்கிறது என்றார்கள். மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, பூஞ்சை என்றார்கள். மழைக்காலத்தில் கருவாட்டில் பூக்குமே, அந்தச் சாதி. அது என் பிள்ளை நெஞ்சுக்குள் பூத்து, சதையைத் தின்றுகொண்டிருந்தது.

அதற்கு ஒரு மஞ்சள் மருந்து உண்டு. நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். ஏற்றி அரைமணி நேரத்தில் மதிக்கு நடுக்கம் வந்தது. நடுக்கம் என்றால் சாதாரண நடுக்கம் இல்லை. பல் கிட்டித்துக்கொண்டது, கட்டில் தடதடவென்று ஆடியது, கையில் குத்தியிருந்த ஊசி பிய்த்துக்கொண்டு இரத்தம் பீறிட்டது. "கொல்றியாடி என் புள்ளைய?" என்று நர்ஸை ஓங்கி அறைந்துவிட்டேன். சின்னப் பெண். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அவள் மதியின் தோளை அமுக்கிப் பிடித்து, இன்னொரு கையால் நடுக்கத்துக்கு மருந்து போட்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காவலாளி என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனார். தினமும் அந்த மருந்து ஏறியது, தினமும் அந்த ஆட்டம். கதவுக்கு வெளியே நின்று கட்டில் ஆடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நரைத்த தலை, மெதுவான பேச்சு. நர்ஸை அடித்ததற்குத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"உங்க வீட்ல, உங்க அம்மா வழியில, சின்ன வயசுலயே எறந்துபோன ஆம்பளப் புள்ளைங்க யாராவது உண்டாம்மா?"

தம்பியைச் சொன்னேன். அவன் கட்டிகளைச் சொன்னேன். என் அம்மாவுக்கும் ஒரு தம்பி பிறந்து இரண்டு வயதில் போனான் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதையும் சொன்னேன். அவர் ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாகப் போட்டுக்கொண்டே வந்தார். பிறகு என் கையிலிருந்தும் இரத்தம் எடுத்தார்கள்.

மறுநாள் அவர் ஒரு அறைக்குக் கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னார். "இது வேற ஒருத்தரோட ரத்தம். வெள்ளை அணு எல்லாம் நீலமா ஆயிருக்கு பாருங்க. கிருமியைக் கொல்ற சத்து உள்ள இருந்தா இந்த மருந்துல நீலமாவும்" என்றார். பார்த்தேன், நீலமாக இருந்தது. கண்ணாடித் துண்டை மாற்றினார். "இது உங்க பையனோடது." ஒன்றுகூட நீலமில்லை. வெறிச்சென்று இருந்தது. மறுபடியும் மாற்றினார். "இது உங்களோடது." பாதி நீலம், பாதி இல்லை.

"வெள்ளை அணு பூஞ்சையை முழுங்கும்மா. முழுங்கினதைக் கொல்லணும். உங்க பையன் அணுவுக்கு முழுங்கத் தெரியுது, கொல்லத் தெரியல. பொறவியிலேயே அப்படி. அது அம்மா வழியா வருது. உங்களுக்குப் பாதி அணு நல்லா இருக்கறதால ஒண்ணும் ஆகல. ஆம்பளப் புள்ளைக்கு வந்தா முழுசா வந்துடும். உங்க தம்பிக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும்."

"யாரும் செய்யலையா டாக்டரம்மா?"

"யாரும் செய்யல. இது உங்க தப்பும் இல்ல. கண்ணு, மூக்கு வர்ற மாதிரி இதுவும் பொறப்போட வந்தது." பிறகு அவர் தாளைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "ரெண்டு பக்கமும் இவ்வளவு வேகமாப் பரவியிருக்கே. இங்க வர்றதுக்கு முன்னால பழைய வைக்கோல், மக்குன குப்பை, அந்த மாதிரி எதையாவது கெளறினானா? ஒரேயடியா நெறைய உள்ள போயிருக்கணும்."

நான் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

செய்தவளைக் காட்டு என்று நான்தானே கேட்டேன்? காட்டிவிட்டாள். பிறவியில் வந்தது என் தப்பில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல்காரப் பிள்ளையைக் குப்பைமேட்டில் ஏற்றி, மூச்சு முட்டுகிறது என்றவனை இன்னும் தோண்டு என்றது யார்? ராசாத்தியா? என் தலையை அந்த அறைச் சுவரில் மோதிக்கொண்டேன். நெற்றி கிழிந்தது. நான் அறைந்தேனே அதே நர்ஸ்தான் வந்து பஞ்சு வைத்து அழுத்தினாள். அவள் பெயரைக் கேட்டேன். சொல்லவில்லை. "அசையாம இருங்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு அந்த வராந்தாவில் குப்புற விழுந்து இரண்டாவது முறையாக வேண்டினேன். இந்தத் தடவை நிபந்தனை இல்லை. "தாயே, கேட்டதைக் காட்டிட்ட. இனி யாரையும் காட்ட வேணாம். புள்ளைய மட்டும் உடு. என் திமிருக்கு அவனை எடுத்துக்காத."

எழுந்தபோது டாக்டரம்மா என் வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். மருந்து மட்டும் போதாது, நல்ல வெள்ளை அணுவை வேறு ஒருவர் உடம்பிலிருந்து மெஷின் வைத்து எடுத்து இவனுக்கு ஏற்றிப் பார்க்கலாம், நிச்சயம் சொல்ல முடியாது, ஆனால் சீக்கிரம் செய்ய வேண்டும் என்றார். மதிக்கு ஓ நெகட்டிவ். அதே குரூப்புதான் வேண்டும். நானும் அதே குரூப்தான், ஆனால் என் அணு பாதி செத்தது, ஆகாது. என் வீட்டுக்காரருக்கு வேறு குரூப். ஆஸ்பத்திரிப் பட்டியலில் இருந்த இரண்டு பேரில் ஒருவர் ஊரில் இல்லை, ஒருவருக்கு மஞ்சள் காமாலை.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "முருகையன் ஓ நெகட்டிவ்தான். துறைமுகத்துல ரத்தம் குடுத்தப்ப சீட்டு குடுத்தாங்கன்னு எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டுத் திரிஞ்சான்" என்றார்.

தண்ணீர்கூடப் புழங்கக் கூடாத வீடு. அந்த வீட்டு இரத்தம் என் பிள்ளை உடம்பில் ஏறினால்? "காசு வெட்டிப் போட்டிருக்கேங்க. மீறுனா சாவு விழுமே" என்றேன்.

இருபது வருஷத்தில் என் மேல் ஒரு தடவைகூடக் கை நீட்டாத மனுஷன், அன்றைக்கு என் தோளைப் பிடித்துச் சுவரோடு தள்ளினார். "இங்க மட்டும் என்னடி விழப்போவுது? நீ வெட்டுனதை நீயே போயி அவுத்துட்டு வா. போ!"

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறினேன். மகனைச் சாகக் கிடக்கப் போட்டுவிட்டு எதிர்த் திசையில் நாலு மணி நேரம் போனேன். எந்த ஊரைத் தாண்டினேன் என்று தெரியாது. இறங்கி நேராகச் சின்னம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் முருகையனும் வீட்டில்தான் இருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் கண் அரிவாளைத் தேடியது. நான் பார்த்தேன்.

சின்னம்மா தலையைத் தூக்கினாள். "எதுக்குடி வந்த? இன்னொரு கை பாக்கி இருக்குன்னா?"

அவள் காலில் விழுந்தேன். "நீ இல்ல சின்னம்மா. நீ ஒண்ணுமே செய்யல. என் ரத்தத்துல இருக்கு. எங்க அம்மா ரத்தத்துல இருந்துச்சு. அதுதான் சுந்தரத்தைக் கொன்னுச்சு. புள்ளையக் குப்பையில ஏத்தி உட்டது நான்தான். ஒன் மேல பழி போட்டு அடிச்சிட்டேன்."

அவள் எழுந்தாள். நல்ல கையால் என் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். காது அடைத்துவிட்டது. இன்னொரு அறை. தெருவில் ஆள் கூடிவிட்டது, யாரும் தடுக்கவில்லை. நானும் முகத்தைத் திருப்பவில்லை. மூன்றாவதற்கு ஓங்கிய கை அப்படியே நின்றது, அவள் கதறிவிட்டாள்.

"இருவத்தஞ்சு வருசமா என்னைப் புள்ளையத் தின்னவன்னு சொன்னீங்களேடி. சுந்தரம் செத்த அன்னிக்கு நான் ஒங்க வாசல்ல வந்து நின்னேன். ஒங்க அம்மா சாணியைக் கரைச்சு என் தலையில ஊத்துனா. கோவத்துல மண்ணை வாரித் தூத்துனேன், இல்லைங்கல. நாந்தான் கொன்னுட்டனோன்னு நானே எத்தனை நாளு தூங்காம கெடந்தேன் தெரியுமாடி ஒனக்கு?"

இது எனக்குத் தெரியாது. எங்கள் பழியை அவளே நம்பி இத்தனை வருஷம் சுமந்திருக்கிறாள். அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட வலிக்கு முன்னால் அந்த அறை ஒன்றுமில்லை.

வந்த காரியத்தைச் சொன்னேன். முருகையன் பாய்ந்தான். "எங்க அம்மா கையை ஒடைச்சவ மவனுக்கு நான் ரத்தம் குடுக்கணுமா? செத்தா சாவட்டும்!"

சின்னம்மா அவன் பக்கம் திரும்பி, என்னை அறைந்த அதே கையால் அவனையும் ஒரு அறை அறைந்தாள். "அவன் ஒன் அக்கா மவன்டா. சொந்த மாமன் செத்துப்போயிட்டான். இப்ப நீதான்டா அவனுக்குத் தாய்மாமன். தாய்மாமன் வாயில வர்ற வார்த்தையாடா இது?"

மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். காசு வெட்டியதை அவிழ்க்க ஒரு முறை உண்டு. வெட்டியவள் சாமி முன்னால் தன் பிழையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு வீட்டாரும் ஒருவர் கையால் ஒருவர் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். நான் சொன்னேன். என் அம்மா வெட்டியதற்கும் சேர்த்துச் சொன்னேன். பூசாரி செம்பைக் கொடுத்தார். சின்னம்மா ஒற்றைக் கையால் சாய்த்ததில் பாதித் தண்ணீர் என் மார்பில் கொட்டியது, மீதியைக் குடித்தேன். நான் கொடுத்ததை அவள் குடித்தாள். முருகையன் என் கையால் வாங்க மாட்டேன் என்று நின்றான். தேங்காயை எடுத்துப் பலிபீடத்தில் ஓங்கி அடித்தான். சில்லு தெறித்து அவன் புருவத்திலேயே பட்டு இரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு, செம்பைப் பிடுங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "வண்டியைக் கூப்புடு" என்றான்.

சீர்காழி தாண்டியதும் முருகையன் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான். "அவன் பொழைச்சா ஒன்கிட்ட பேசுவேன். இல்லைன்னா நீ செத்தாலும் வரமாட்டேன்."

அவன் இரத்தத்தை எல்லாச் சோதனையும் செய்து சேரும் என்றார்கள். அணு பெருகுவதற்கு அன்று சாயங்காலம் ஒரு ஊசி போட்டார்கள், எலும்பெல்லாம் குடைகிறது என்று முனகினான். மறுநாள் இரண்டு கையிலும் ஊசி குத்தி மூன்று மணி நேரத்துக்கு மேல் மெஷினில் கட்டிப் போட்டார்கள். நடுக்கடலில் புயலைப் பார்த்தவன் ஊசியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். கலங்கலாக ஒரு பை. அதைக் கொண்டுபோய் மதிக்கு ஏற்றினார்கள். ஏறும்போது மறுபடி அந்த நடுக்கம், மறுபடி கட்டில் ஆட்டம். இந்தத் தடவை நான் யாரையும் அடிக்கவில்லை. உள்ளே விட்டார்கள், மகன் காலை நான் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் கண் முன்னால் அவன் உடம்புக்குள் ஒரு போர் நடந்தது. அவன் பக்கம் நின்று சண்டை போட்டது, நான் எந்தக் குடும்பத்தின் மேல் காசு வெட்டிப் போட்டேனோ அந்தக் குடும்பத்து அணுக்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள், நாலு தரம் கொடுத்தான். இரண்டாவது தரத்துக்குப் பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை. நெஞ்சில் ஓட்டை போட்டுச் சீழ் எடுத்தார்கள். டாக்டரம்மா என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். மூன்றாவதற்குப் பிறகு காய்ச்சல் ஒரு படி இறங்கியது. நாலாவது ஏறிய மறுநாள் காலையில் நான் வராந்தாவில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். உள்ளே மதியைப் பார்க்கப் போன முருகையன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

"அக்கா," என்றான். "இவனுக்குப் பசிக்குதாம்."

கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டேன். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒருவன் என்னை அக்கா என்று கூப்பிட்டான். என் பிள்ளைக்குப் பசித்தது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கொடுத்தாள் மாரியம்மன்.

அதற்கப்புறமும் இரண்டு மாதம் ஆஸ்பத்திரிதான். இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. மதி பத்தாவது படிக்கிறான். தினமும் கிருமிக்கு ஒரு மாத்திரை, பூஞ்சைக்கு ஒரு மருந்து, ஒரு வேளை தவறக் கூடாது. நோய் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அது அவன் பிறப்பிலேயே இருக்கிறது, இருக்கும். ஆனால் அதற்குப் பெயர் தெரியும், வழி தெரியும். குப்பை, வைக்கோல், பழைய கீற்று பக்கம் அவனை விடுவதில்லை. அந்தக் குவியலை அவன் ஊர் திரும்பும் முன்பே சின்னம்மா ஆள் வைத்து அள்ளிவிட்டாள்.

என் மகள் கயல்விழியின் இரத்தத்தையும் பார்த்தோம். அவளும் என்னைப் போலப் பாதி. பெண் பார்க்க வருகிறவர்களிடம் மறைக்காமல் சொல்கிறோம். இரண்டு வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். பழைய இந்திராணியாக இருந்தால் கூடையாலேயே அடித்திருப்பாள். இப்போது வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வருகிறேன். அந்த மந்திரவாதியைத் தேடினேன், ஆள் அகப்படவில்லை. அதுவும் அம்மன் செயல்தான். அகப்பட்டிருந்தால் நான் இதைச் சிறையிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

அந்த நர்ஸிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவளை வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். அந்தக் கடன் நிற்கிறது. சின்னம்மாவின் கை கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. தோளுக்கு மேல் தூக்க முடியாது. தலைமுடியை அவளால் முடிய முடியவில்லை. தினமும் காலையில் நான்தான் போய் வாரிவிடுகிறேன். "மெதுவாடி, முடியைப் பிடுங்கிடாத" என்று திட்டுவாள். வாங்கிக்கொள்வேன். அந்தக் கையை நேராக்கிக் கொடு என்று அம்மனிடம் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அடிக்கடி கட்டி வந்தால், காய்ச்சல் நிற்காவிட்டால், குடும்பத்தில் முன்பே இப்படிப் பிள்ளைகள் போயிருந்தால், பக்கத்து வீட்டைப் பார்க்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே டாக்டரிடம் சொல்லுங்கள். அம்மனிடமும் அழுங்கள், கத்துங்கள், என்னைப் போலச் சண்டைகூடப் போடுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், கைவிடவும் மாட்டாள். நம்பிக்கை வராதவர்கள் கிளிஞ்சல்மேட்டுக்கு ஒருநாள் காலையில் வாருங்கள். சின்னம்மா வாசலில் சீப்போடு உட்கார்ந்திருப்பேன். முதலில் அவள் கையைப் பாருங்கள், அது நான் செய்தது. பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நிற்கிற என் மகனைப் பாருங்கள், அது அம்மன் செய்தது.